ஆண் ஈ இல்லாத குப்பி

கேள்வி: ஒரு வேதிப்பொருள் மரபணுவில் திடீர்மாற்றத்தை உண்டாக்குகிறதா என்பதைப் பழ ஈக்களைக் கலப்புச் செய்து அறியலாம் என்று எங்கள் விலங்கியல் பாடத்தில் வருகிறது. கண்ணுக்குத் தெரியாத மாற்றம் கலப்பில் எப்படிப் பிடிபடும்? அதற்கு ஏன் பேரப்பிள்ளைகள் வரை காத்திருக்க வேண்டும்?
— கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: இந்த முறையில் யாரும் திடீர்மாற்றத்தைத் தேடுவதில்லை, பிறந்திருக்க வேண்டிய ஆண் ஈக்கள் பிறக்கவில்லையா என்றுதான் பார்க்கிறார்கள். திடீர்மாற்றங்களில் பெரும்பாலானவை ஒடுங்கு தன்மை உடையவை என்பதால், இணைக் குரோமோசோமில் உள்ள நல்ல மரபணு அவற்றை மறைத்துவிடுகிறது. ஆண் ஈக்கோ எக்ஸ் குரோமோசோம் ஒன்றே ஒன்று. அதில் உயிர்வாழ இன்றியமையாத ஏதேனும் ஒரு மரபணு கெட்டால், ஈடுகட்ட மற்றொன்று இல்லாமல் அந்த ஆண் முழு வளர்ச்சி அடையும் முன்பே இறந்துவிடும்.

மருந்து (சோதிக்கும் வேதிப்பொருள்) கொடுக்கப்பட்ட ஆண் ஈ தன் எக்ஸை மகள்களுக்கு மட்டுமே தருகிறது; மகன்களுக்குப் போவது ஒய். மகளிடம் தாய்வழி எக்ஸும் இருப்பதால் கேடு அங்கே ஒளிந்துகொள்ளும். அந்த மகளின் மகன்களில் பாதிப்பேருக்கு அது தனியாகப் போய்ச் சேரும்போதுதான் வெளிப்படும். நீங்கள் கேட்ட பேரப்பிள்ளைக் கணக்கு இதுதான்.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த ஹெர்மன் முல்லர், எக்ஸ் கதிர்கள் திடீர்மாற்றத்தை உண்டாக்குகின்றன என்று 1927இல் இவ்வழியில்தான் நிறுவினார். 1946இல் நோபல் பரிசு பெற்றார். எடின்பரோவில் சார்லட் ஆவெர்பாக், கடுகு வாயு என்ற நச்சுப்பொருளும் அவ்வாறே செய்யும் என்று கண்டார். இரண்டாம் உலகப் போர்க்கால ரகசியம் காரணமாக அம்முடிவு போர் முடிந்த பிறகே வெளிவந்தது.

மருந்து கொடுத்த ஆணோடு கலக்க இன்று வழக்கில் உள்ள 'முல்லர்-5' வகைப் பெண் ஈயின் இரு எக்ஸ்களிலும் குறுகிய பட்டைக் கண்ணுக்கும் வெளிறிய ஆரஞ்சு நிறக் கண்ணுக்குமான அடையாள மரபணுக்கள் உள்ளன. குரோமோசோமின் பகுதிகள் தலைகீழாகத் திரும்பியும் இருப்பதால், குறுக்கேற்றத்தில் அது தந்தைவழி எக்ஸோடு துண்டுகளை மாற்றிக்கொள்ளாது. இந்தத் தடுப்பு இல்லையென்றால் அடையாளமும் கேடும் கலந்துபோய்ச் சோதனையே வீணாகும். என் கருத்தில் இம்முறையின் உயிர்நாடி இதுதான்.

முதல் தலைமுறை மகள் ஒவ்வொன்றையும் அதன் சகோதரர்களோடு தனித்தனிக் குப்பியில் விடவேண்டும். ஒரு மகள் என்பது சோதிக்கப்படும் ஒரு விந்தணு. இரண்டு மகள்களை ஒரே குப்பியில் போட்டால் ஒன்றின் நல்ல மகன்கள் மற்றதன் குறையை மறைத்துவிடுவார்கள். 25 டிகிரி செல்சியஸில் பத்துப் பன்னிரண்டு நாளில் புதிய ஈக்கள் வெளிவரும். அவற்றை மயக்கி நுண்ணோக்கியின் கீழ்ப் பரப்பினால், பட்டைக் கண் பெண்கள், மொச்சைக்கொட்டைபோல் ஓரத்தில் குழிந்த சிவப்புக் கண் பெண்கள், பட்டைக் கண் ஆண்கள், உருண்டைச் சிவப்புக் கண் ஆண்கள் என நான்கு வகை ஏறக்குறையச் சமமாக இருக்கவேண்டும். கடைசி வகை மட்டும் ஒன்றுகூட இல்லையெனில், கொல்லி மரபணு ஒன்று உருவாகியிருக்கிறது என்று கொள்ளலாம்.

உடனே மகிழ்ந்துவிடவும் கூடாது. எட்டு ஈக்களே வந்த குப்பியில், கேடு எதுவும் இல்லாமலே அந்த ஆண்கள் தற்செயலாக விடுபட ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து வாய்ப்பு உண்டு; இருபது ஈக்கள் வந்தால் அது நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடும். எனவே சந்தேகக் குப்பியின் குழிந்த கண் பெண்களை மறுபடியும் கலந்து பார்ப்பது வழக்கம். மருந்து கொடுக்காத ஈக்களிலும் ஆயிரம் எக்ஸுக்கு ஒன்றிரண்டு கொல்லிகள் தாமாகவே தோன்றுவதால், ஒப்பீட்டுக்கு அவற்றிலும் ஆயிரக்கணக்கான குப்பிகளை எண்ணவேண்டும்.

செய்து பார்ப்பதானால், தாய் ஈக்களைக் கூட்டுப்புழு நிலையிலிருந்து வெளிவந்த எட்டு மணி நேரத்துக்குள் பிரித்துவிடுங்கள். பிந்தினால் அவை கன்னிகளாக இருப்பதற்கு உறுதியில்லை. எந்தக் குப்பி எந்தத் தந்தையின் வழி வந்தது என்பதையும் எழுதி ஒட்டுங்கள். ஒரே தந்தையின் வழியில் ஐந்தாறு கொல்லிகள் வந்தால், அவை மருந்துக்கு முன்பே அதன் விந்தகத்தில் தோன்றிப் பெருகிய ஒரே திடீர்மாற்றமாகவும் இருக்கலாம்.