அம்மா பிழைச்சுட்டாங்கல்ல, அப்புறம் என்ன?

அன்புள்ள அண்ணனுக்கு,

நானும் என் நண்பனும் ஆறு வருடமாகச் சேர்ந்து 'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைகதைத் தொடர் பார்க்கிறோம். போன மாதம் 'கில் த மூன்' பார்த்தோம், 2014 அக்டோபரில் வந்த எபிசோடு. அன்று வந்த சண்டையில் பேச்சே நின்றுவிட்டது. 2049இல் நிலா கனத்துப்போகிறது, பூமியில் கடல் பொங்குகிறது, போய்ப் பார்த்தால் நிலாவே ஒரு முட்டை. உள்ளே குஞ்சு. அணுகுண்டு வைத்துக் கொல்வதா, விடுவதா என்ற நேரத்தில், இது உங்கள் நிலா, நீங்களே முடிவு செய்யுங்கள் என்று தொடரின் நாயகன், காலப்பயணியான டாக்டர், கிளம்பிப் போய்விடுகிறார். அவரோடு பயணம் செய்யும் சிநேகிதி கிளாரா கடைசி நொடியில் குண்டை நிறுத்துகிறாள். குஞ்சு பொரித்துப் பறந்து போகும்போது அதே அளவில் இன்னொரு முட்டை இட்டுவிட்டுப் போகிறது! அந்த உயிரின் எடை 130 கோடி டன்னாம். கணக்குப் போட்டேன், நிலாவின் எடையில் அது ஏறக்குறைய 5,600 கோடியில் ஒரு பங்கு. இதற்கா கடல் பொங்கும்? கடைசியில் கிளாராவின் சீரியல் அழுகை வேறு. உண்மையான ரசிகன் ஓட்டை தேட மாட்டான் என்கிறான் நண்பன். எங்களில் யார் சரி? அறிவியல் தப்பானால் அது அறிவியல் புனைகதையா?

(பெயர் வேண்டாமே.)

அன்புள்ள தம்பி,

கணக்கு சரி. நானும் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். ஆனால் இதற்கு அவ்வளவு பெரிய கணக்கே வேண்டாம், என் அப்பாயியைக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார். அடைக்கு வைத்த முட்டை நாளாக ஆக கனக்காது, இலேசாகும். ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, அது வழியாக உள்ளே இருக்கும் ஈரம் போய்க்கொண்டே இருக்கும், 21 நாளில் எடையில் எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடும். பதினெட்டாம் நாள் வாக்கில் அப்பாயி குண்டானில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் எடுத்து, கோழியை ஏமாற்றி முட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாக மிதக்க விடுவார். மூச்சு விடக்கூடாது என்பார் எங்களிடம். தண்ணீர் அசையாமல் நிற்கும், முட்டை மட்டும் தானாக ஒரு பக்கம் வெட்டி இழுக்கும், சின்னச் சின்ன வளையமாக அலை கிளம்பும். அதற்குள் உயிர் இருக்கிறது. சும்மா மிதப்பது கூமுட்டை. வெளியிலிருந்து எதுவும் தின்னாத குஞ்சு முட்டைக்குள் இருந்துகொண்டே எடை போடுகிறது என்று டாக்டர் சொன்னபோது எனக்கு அந்தக் குண்டான்தான் கண்முன் வந்தது. பிறந்த குஞ்சு பிறந்த நிமிடத்திலேயே தான் இருந்த அளவுக்கு ஒரு முட்டை இடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பூமியில் இருப்பவர்களை விளக்கை அணைத்து ஓட்டுப் போடச் சொல்கிறாளே கிளாரா, கொல்வதானால் அணையுங்கள், விடுவதானால் எரியட்டும் என்று, அதுவும் ஓட்டைதான். பூமியின் பாதிப் பக்கம் அப்போது நிலாவைப் பார்த்தே இருக்காது. மின்சாரம் இல்லாத வீட்டுக்காரன் எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டதாகக் கணக்கு? இதைக் கருக்கலைப்பு பற்றிய கதையாக வைத்து அந்தச் சமயம் பெரிய சண்டை நடந்தது, அதற்குள் நான் இப்போது போகவில்லை. உங்கள் நண்பரிடம் ஒன்று சொல்லுங்கள். ஓட்டை தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பது ரசனை ஆகாது. ஆறு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் ராத்திரி உட்கார்ந்து நிலாவின் எடையை வகுத்துப் பார்த்திருக்கிறான் என்றால் அந்தத் தொடர்மேல் எவ்வளவு ஆசை இருக்க வேண்டும், அதுகூட அவருக்குப் புரியவில்லையா?

சரி. இப்போது உங்கள் பக்கம். 'சீரியல் அழுகை' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தையைப் படித்ததும் லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து போய்விட்டேன். எபிசோடு முழுக்க எடை போட்டுப் பார்த்த நீங்கள், எடை உள்ள ஒரே இடத்தைத் தள்ளிவிட்டீர்கள்.

என்ன நடக்கிறது அங்கே? எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. நிலா இருக்கிறது, பூமி இருக்கிறது, அதைப் பார்த்து மனிதர்கள் மறுபடி விண்வெளிக்குப் போகப்போகிறார்கள். டாக்டர் சந்தோஷமாக இருக்கிறார். நீ சரியாகத்தான் செய்வாய் என்று எனக்குத் தெரியும், உன்மேல் இருந்த மரியாதையால்தான் விட்டுவிட்டுப் போனேன் என்கிறார். மரியாதை கிடைத்த மாதிரி எனக்கு இல்லை என்கிறாள் அவள். தப்பாகச் செய்யப் போனேன், நூலிழையில் தப்பித்தேன், நீ உதவி செய்யாமல் போய்விட்டாய், இனி வராதே என்கிறாள். கண்ணில் தண்ணீர் இருக்கிறது, உண்மைதான். ஆனால் தம்பி, அது அழுகை இல்லை. ஒரு பெண் தன் நெருங்கிய சிநேகிதனிடம் கணக்குக் கேட்கிறாள்.

2003இல் எனக்கு 23 வயது. அம்மாவுக்கு மூளையில் ரத்தக் கசிவு. அப்பா இல்லை. எங்கள் வீட்டில் எதையும் முடிவு செய்வது தாய்மாமாதான், நான் எந்தப் பள்ளி, எந்தக் கல்லூரி, மாடு வாங்குவதா விற்பதா, எல்லாமே. ராத்திரி இரண்டு மணிக்கு டாக்டர் வந்து சொன்னார், ஆபரேஷன் செய்தால் மேஜையிலேயே போனாலும் போகலாம், செய்யாவிட்டால் இரண்டு நாள் தாங்கினால் பெரிது, கையெழுத்து வேண்டும். நான் மாமாவைப் பார்த்தேன். மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். "உங்கம்மா. நீதான் முடிவு பண்ணணும்" என்றார். படியிறங்கிப் போய்விட்டார்.

அந்தத் தாளில் நான் முதலில் கையெழுத்துப் போடவில்லை. வேண்டாம், வீட்டுக்கே கொண்டுபோகிறோம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பேனாவை மூடிவிட்டேன். அங்கே இருந்த நர்ஸ், என் வயதுதான் இருக்கும், "தம்பி, அம்மா இப்பக்கூட கூப்பிட்டா கண்ணைத் திறக்கிறாங்க" என்றார். அவ்வளவுதான். அவர் அந்த நேரம் வேறு வார்டில் இருந்திருந்தால் கதை வேறு. கையெழுத்துப் போட்டேன். நாலு மணிக்கு மாமா வந்தார், கையில் பிளாஸ்டிக் கவரில் நூல் சுற்றிய பார்சல் டீ, இரண்டு பேப்பர் கப். ஒன்றில் ஊற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, "எனக்குத் தெரியும்டா, நீ சரியாத்தான் செய்வேன்னு" என்றார்.

அம்மா பதினொரு வருடம் இருந்தார். அந்தப் பதினொரு வருடமும் நான் மாமாமேல் கோபமாக இருந்தேன், யாரிடமும் சொல்ல முடியவில்லை. ஒருமுறை அக்காவிடம் ஆரம்பித்தேன். "அம்மா பிழைச்சுட்டாங்கல்ல, அப்புறம் என்ன?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அம்மா போயிருந்தால் என் கோபத்துக்கு ஒரு நியாயம் இருந்திருக்கும், ஊரே ஒத்துக்கொண்டிருக்கும். நல்லபடியாக முடிந்த விஷயத்தில் எப்படிக் கோபப்படுவது? அந்த ஆறேழு நிமிடம், பேனாவை மூடி வைத்திருந்த அந்த நேரம், அதற்கு யாரிடம் போய்க் கணக்குக் கேட்பது?

2014 ஜூனில் அம்மா போனார். அந்த அக்டோபரில்தான் இந்த எபிசோடு பார்த்தேன். கிளாரா கத்த ஆரம்பித்ததும் எழுந்து நின்றுவிட்டேன்.

அதனால்தான் நீங்கள் அபத்தம் என்று தள்ளும் அந்த இரண்டாவது முட்டையை நான் அவ்வளவு சுலபமாகத் தள்ள மாட்டேன். அறிவியலாக அது கூமுட்டை, சந்தேகமே இல்லை. ஆனால் நிலா போயிருந்தால், கடல் ஊர்களை அடித்துக்கொண்டு போயிருந்தால், கிளாராவின் கோபம் வெறும் துக்கமாகியிருக்கும், நாமும் பாவம் என்று சொல்லிவிட்டு அடுத்த எபிசோடுக்குப் போயிருப்போம். ஒன்றுமே கெட்டுப்போகவில்லை, எல்லாம் முன்பிருந்த மாதிரியே வானத்தில் இருக்கிறது, அப்படியும் அவள் கோபமாக இருக்கிறாள். அந்தக் கோபத்துக்குப் பின்னால் ஒளிய இடமே இல்லை. இதை பீட்டர் ஹார்னஸ் யோசித்து எழுதினாரா, சுலபமாக முடித்துவிட்டுத் தற்செயலாக இங்கே வந்து சேர்ந்தாரா, எனக்கு அது முக்கியமில்லை. ஜென்னா கோல்மன் அந்தக் கோபத்தை நடித்திருப்பதைப் பாருங்கள், குரல் உடைந்து போகிற இடத்தில்கூட அவள் வாதத்தை விடுவதில்லை. டாக்டராக வரும் பீட்டர் கபால்டியின் முகத்தையும் பாருங்கள். பாராட்டு வாங்க வந்த பெரிய மனுஷனுக்கு, தான் என்ன தப்பு செய்தோம் என்பது நிஜமாகவே தெரியவில்லை. என் மாமாவின் முகம் அது. கெட்டவர் இல்லை அவர். பயந்திருப்பார், அவருக்கும் அது அக்காதானே. பயமாக இருக்கிறது என்று சொல்லி என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் போதும், முடிவை நானே எடுத்திருப்பேன்.

அறிவியல் தப்பானால் அறிவியல் புனைகதையா என்று கேட்டிருந்தீர்கள். இந்த எபிசோடை ஒருமுறை கடைசியிலிருந்து பாருங்கள், அப்புறம் பேசலாம். அதற்கு முன்னால் நண்பருக்குப் போன் போடுங்கள். அவர்தான் முதலில் கூப்பிட வேண்டும் என்றெல்லாம் உட்கார்ந்திருக்காதீர்கள்.

மாமாவுக்கு இப்போது 78. போன மாதம் விழுந்து இடுப்பெலும்பில் ஆபரேஷன். உங்கள் கடிதம் வந்த அன்று அவர் வார்டுக்கு வெளியேதான் உட்கார்ந்திருந்தேன். அவர் பையன் கையில் தாளோடு வந்து, "அண்ணே, என்ன செய்யலாம்?" என்றான். அவன் படித்து முடித்து, இரண்டு கேள்வி கேட்டு, கையெழுத்துப் போடும்வரை பக்கத்திலேயே இருந்தேன். கிளாரா நாலைந்து நிமிடத்தில் கேட்டதை நான் 22 வருடமாக மாமாவிடம் கேட்கவில்லை. வாக்கரைப் பிடித்து நடக்க ஆரம்பித்துவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.