‘நானே பார்த்துக்கிறேன்’ என்கிற பிள்ளைக்கு

அன்புத் தங்கைக்கு,

இங்கிலாந்துக்கு வந்து நாலு மாதம் ஆகிறது, எட்டு வயது மகனை வகுப்பில் நிறத்தைச் சொல்லிக் கேலி செய்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். "நீங்க ஸ்கூலுக்கு வராதீங்கம்மா, நானே பார்த்துக்கிறேன்" என்கிறான் அவன். புகார் கொடுத்தால் விசாவுக்கு ஏதாவது வருமோ என்று உங்களுக்குப் பயம். முதலில் அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள். பள்ளியில் கொடுக்கும் புகாருக்கும் விசாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

மற்றதற்கு என் மகளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அப்போது அவளுக்கு ஏழு வயது. ஒரு ஜனவரியில், காலையில் கையுறை போடமாட்டேன் என்று அடம்பிடிக்க ஆரம்பித்தாள். விரலெல்லாம் சிவந்து வெடித்திருக்கும், ஆனாலும் போடமாட்டாள். திட்டினேன். அவள் அப்பா கெஞ்சினார். மூன்று வாரம் கழித்து ஒரு நாள் இரவு, போர்வைக்குள் இருந்துகொண்டு காரணம் சொன்னாள். நூலகத்துக்குப் போகும்போது பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகக் கைகோத்து நடக்கவைப்பார்கள். இவளுக்கு ஜோடியாக வந்த பையன், "உன் கலர் என் கையில ஒட்டிக்கும், கையுறை போட்டுக்கிட்டு வந்தா பிடிச்சுக்கிறேன்" என்றானாம். அன்றிலிருந்து இவள் வெறுங்கையை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். அவன் பிடிக்கவில்லை. இவளும் கையை இறக்கவில்லை.

டீச்சர் பார்த்துவிட்டு, "நீ முன்னால வா, என் கையைப் பிடிச்சுக்கோ" என்று அன்பாகத்தான் கூப்பிட்டிருக்கிறார். இவள் போகவில்லை. அந்த வகுப்பில் டீச்சர் கையைப் பிடித்து நடப்பவர்கள் சேட்டை செய்கிற பிள்ளைகள். "நான் ஒண்ணும் தப்பு பண்ணலையேம்மா" என்றாள்.

இதைக் கேட்டதும் நான் சொன்ன முதல் வார்த்தை "கண்டுக்காதேடா" என்பதுதான். இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. மூன்று வாரம் குளிரில் கையை நீட்டிக்கொண்டு நின்ற பிள்ளையிடம் சொல்லும் பேச்சா அது?

உங்கள் மகனின் உறுதி நல்ல உறுதி. ஆனால் அதைப் பார்த்துப் பூரித்துப்போய் நாம் சும்மா இருந்துவிடக் கூடாது. அநேகமாக அவன் வேண்டாம் என்பது உங்கள் உதவியை அல்ல. பள்ளி வாசலில், நண்பர்கள் எதிரில் அம்மா வந்து நின்று பேசுவதைத்தான். எது வேண்டாம், எது பரவாயில்லை என்று அவனிடமே கேளுங்கள். வாசலில் பேசாமல் மெயில் அனுப்பலாம். எந்தத் தேதி, அந்தப் பிள்ளைகள் சொன்ன வார்த்தை அப்படியே, யார் பக்கத்தில் இருந்தார்கள், டீச்சர் என்ன செய்தார் என்று எழுதுங்கள். ‘கேலி’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். இதை இனவெறிச் சம்பவமாகப் பதிவு செய்தீர்களா என்று கேளுங்கள். அந்தக் கேள்வி வந்தால் பதிலும் ஒழுங்காக வரும்.

2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தில் இனம் என்றால் தோல் நிறமும் அடக்கம். ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைப் பேசுவது நேரடியாக அந்தச் சட்டத்துக்குள் வராது. ஆனால் பள்ளி அதை எப்படிக் கையாள்கிறது என்பது வரும். மற்ற தொந்தரவுகளைக் கண்டித்துவிட்டு நிறத்தைச் சொன்னதை மட்டும் ‘சின்னப் பிள்ளைங்கதானே’ என்று விட்டால் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். முதலில் வகுப்பு ஆசிரியர், அப்புறம் தலைமை ஆசிரியர், அங்கும் சரிப்படவில்லை என்றால் பள்ளி நிர்வாகத்தை மேற்பார்க்கும் ஆளுநர் குழுவுக்கு (governors) எழுத்தில் புகார். உங்களிடம் சொல்ல முடியாததை அவன், பிள்ளைகள் பேசுவதற்கென்றே இங்கே இருக்கும் சைல்டுலைன் உதவித் தொலைபேசியில் பேசலாம்: 0800 1111. இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம். எண்ணை அவன் மேசையில் எழுதி ஒட்டிவிடுங்கள், போதும்.

எங்கள் விஷயத்தில் பள்ளி செய்தது எளிய காரியம். எல்லாரும் கைகோக்கும் வரை வரிசை நகராது என்று டீச்சர் சொல்லிவிட்டார். முதல் நாள் அந்தப் பையன் சட்டைக் கையை இழுத்துவிட்டு அதன் மேலாகப் பிடித்தானாம். வெறுங்கையால் பிடிக்க எத்தனையோ நாள் ஆனது. சீக்கிரம் மாறிவிடும் என்று உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன்.

இரண்டு வருடம் கழித்து, இங்கே அக்டோபரில் வரும் கறுப்பின வரலாற்று மாதத்தில், ரூபி பிரிட்ஜஸ் பற்றிப் படித்துவிட்டு வந்தாள். 1960 நவம்பரில், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில், வெள்ளைக்காரப் பிள்ளைகள் மட்டும் படித்த பள்ளிக்கு மார்ஷல்கள் என்ற மத்திய அரசுக் காவலர்களின் துணையோடு நடந்து போன ஆறு வயதுக் கறுப்பினக் குழந்தை. "அவ பக்கத்துல யாரும்மா உட்கார்ந்தா?" என்றாள். யாருமில்லை, அந்த வருடம் முழுக்க பார்பரா ஹென்றி என்ற ஆசிரியை அவள் ஒருத்திக்குத்தான் பாடம் நடத்தினார் என்றேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

இன்னொன்று. ஊரிலிருந்து போனில் "குளிர் நாட்டுக்குப் போயும் பையனுக்குக் கலர் ஏறலையா?" என்று யாராவது கேட்பார்கள். ஸ்பீக்கரில் அவனும் கேட்டுக்கொண்டிருப்பான். அங்கேயே, அவன் காதுபடவே, அப்படிப் பேச வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பெரியவர்களாக இருந்தாலும் சரி. நான் முதல் தடவை சொல்லும்போது குரல் நடுங்கியது. ஆனால் என் மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

மெயிலை அனுப்புவதற்கு முன் அவனுக்குப் படித்துக் காட்டுங்கள். நான் காட்டியபோது "என் மகள் மிகவும் வருத்தமாக இருக்கிறாள்" என்று எழுதியிருந்தேன். "வருத்தம் இல்லம்மா, கோபம்னு போடுங்க" என்றாள். மாற்றி எழுதித்தான் அனுப்பினேன்.