எழுத்து ஐந்து, ஒலி இருபது: ஆங்கில உச்சரிப்புக் கேள்வி-பதில்

கேள்வி: ஆங்கிலத்தில் உயிர் ஐந்துதான் என்று நாங்கள் படித்தோம். என் மகளின் ஆசிரியை 20 என்கிறார். எது சரி? (ஒரு தாயார், தேவகோட்டை)

பதில்: இரண்டும் சரி. ஐந்து என்பது ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்னும் எழுத்துகளின் கணக்கு. 20 என்பது தென் இங்கிலாந்தின் பொது வழக்கிலுள்ள உயிரொலிகளின் கணக்கு. அவற்றோடு 24 மெய்யொலிகளையும் கூட்டி 44 ஒலிகள் என்பார்கள். அமெரிக்க வழக்கில் உயிரொலிகள் சற்றுக் குறையும். 'யுனிவர்சிட்டி' என்னும் சொல் யூ என்ற உயிரெழுத்தில் தொடங்கினாலும் அதன் முன் 'ஆன்' வராததற்குக் காரணம், அங்கே முதலில் கேட்பது யகர மெய் என்பதுதான்.

கேள்வி: நான் 'இஸ்கூல்' என்று சொன்னால் சிங்கப்பூரிலிருந்து வரும் பேரன் சிரிக்கிறான். நாக்கு ஏன் வளைய மறுக்கிறது? (ஓர் ஆச்சி, கோட்டையூர்)

பதில்: நாக்கின் மேல் குற்றமில்லை, ஆச்சி. தமிழில் எந்தச் சொல்லும் தனி மெய்யில் தொடங்குவதில்லை என்பதால், தொடக்கத்தில் ஸகர மெய்யோடு இன்னொரு மெய் சேர்ந்து வந்தால் நம் வாய் தானாகவே ஓர் இகரத்தை முன்னால் போட்டுக்கொள்கிறது. ஸ்பானிய மொழிக்காரர்களும் இதே இடத்தில் ஓர் எகரத்தைச் சேர்க்கிறார்கள் என்று பேரனிடம் சொல்லுங்கள். திருத்த விரும்பினால், 'ஸ்ஸ்ஸ்' என்று காற்றை நீட்டிவிட்டு, மூச்சை விடாமல் 'கூல்' என்று முடியுங்கள்.

கேள்வி: கானாடுகாத்தானில் வெளிநாட்டுப் பயணிகளுக்கு வீடுகளைச் சுற்றிக் காட்டுகிறேன். முகப்பில் நிற்கும் பர்மா தேக்குத் தூணைக் காட்டி 'பில்லர்' என்றால் சிலர் ஒரு கணம் விழிக்கிறார்கள். இலக்கணம் சரியாகத்தானே இருக்கிறது?

பதில்: இலக்கணத்துக்கு இதில் வேலையில்லை, சிக்கல் முதல் மெய்யிலும் நடு மெய்யிலும் இருக்கிறது. நம் பகரத்தைச் சொல்லும்போது உதடு திறந்ததும் குரல் வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அழுத்தம் பெறும் அசையின் முதலில் வரும் பகரமோ ஒரு சிறு காற்று வீச்சோடு பிறக்கிறது. அந்த வீச்சு இல்லையென்றால் ஆங்கிலக் காது அதை 'பால்' என்னும் விளையாட்டுப் பந்தின் பகரமாகவே எடுத்துக்கொள்கிறது. ஒரு மெல்லிய தாளை உதட்டுக்கு முன் பிடித்து 'பென்' என்று எழுதுகோலைச் சொல்லிப் பாருங்கள், தாள் துள்ள வேண்டும். 'ஸ்பூன்' என்னும்போது அது அசையக் கூடாது, ஏனெனில் ஸகரத்தை அடுத்து வரும் பகரத்துக்கு அந்த வீச்சு கிடையாது. ககரத்துக்கும் டகரத்துக்கும் இதே விதிதான்.

நடு மெய்யைப் பார்த்தால், பலியும் பல்லியும் நமக்கு வெவ்வேறு பொருள்கள் என்பதால், எழுத்து இரட்டித்திருந்தால் ஒலியையும் இரட்டிக்கிறோம். ஆங்கிலத்திலோ ஒரு சொல்லின் நடுவே இரட்டித்து எழுதப்படும் மெய், பெரும்பாலும் முன்னுள்ள உயிர் குறில் என்பதற்கான அடையாளம் மட்டுமே. ஆகவே 'பிலர்' என்று ஒற்றை லகரத்தோடு, முதல் அசையை அழுத்திச் சொல்லுங்கள். நம் டகரத்தை நாவளைத்துச் சொல்வதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அது நம் ஊர்ச் சாயல், பொருள் விளங்கத் தடையாவது அரிது.

கேள்வி: சிலபிள் என்பதும் யாப்பில் வரும் அசையும் ஒன்றா? (ஓர் ஆசிரியர், காரைக்குடி)

பதில்: நெருங்கிய உறவுதான், ஆனால் ஒன்றல்ல. உங்கள் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். யாப்பில் அது கா/ரைக்/குடி என நேர், நேர், நிரை என்று மூன்று அசையாகப் பிரியும். ஒலியியலிலோ கா-ரைக்-கு-டி என்று நான்கு சிலபிள். நிரையசையில் இரண்டு உயிர்கள் இருக்கலாம், சிலபிளில் ஓர் உயிருக்கு மேல் இராது. வகுப்பில் பிள்ளைகளைத் தாடைக்கு அடியில் புறங்கையை வைத்துச் சொல்லச் சொன்னால், பெரும்பாலும் தாடை இறங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு சிலபிள் கிடைத்துவிடும். எழுத்தைப் பார்த்து எண்ணவிடாதீர்கள்: புதன்கிழமையைக் குறிக்கும் சொல்லை நாம் 'வெட்னெஸ்டே' என்று மூன்றாக்குகிறோம், உண்மையில் அது 'வென்ஸ்டே' என இரண்டே. 'பாட்டில்' என்பதன் இரண்டாம் சிலபிளில் பல வேளைகளில் உயிரே இருப்பதில்லை, லகரமே அந்தப் பொறுப்பை ஏற்கிறது. யாப்பு படித்தவர்களுக்கு இது விந்தையாகத்தான் இருக்கும்.

எண்ணிக்கையைவிட அழுத்தம் முக்கியம் என்பது என் கருத்து. 'போட்டோகிராஃப்' என்பதில் முதல் சிலபிள் அழுத்தம் பெறுகிறது. 'ஃபடாக்ரஃபி' என்று ஆகும்போது அழுத்தம் இரண்டாவதற்கு நகர, முதலாவது மங்கிய அகரமாகத் தேய்கிறது. ஆங்கிலத்தில் அடிக்கடி வருகிற உயிரொலி இந்த மங்கிய அகரம்தான், ஆயினும் அதற்கென்று தனி எழுத்து இல்லை.

கேள்வி: இறந்தகாலத்து 'ஈடி' ஒருமுறை 'டு', ஒருமுறை 'இட்' என்று ஒலிப்பது ஏன்? (பத்தாம் வகுப்பு மாணவர், பள்ளத்தூர்)

பதில்: வினை 'வான்ட்', 'நீட்' என்பவை போல டகர ஒலியில் முடிந்தால் மட்டும் ஒரு சிலபிள் கூடி 'வான்டிட்', 'நீடிட்' என்று வரும். மற்ற இடங்களில் சிலபிள் கூடாது, ஒரு மெய் மட்டுமே ஒட்டும். ஆகவே 'ஸ்டாப்' இறந்தகாலத்திலும் ஒரே சிலபிள்தான். அதை 'ஸ்டாப்புடு' என்று மூன்றாக நீட்டாமல், உதட்டை மூடிய வேகத்திலேயே டகரத்தையும் முடித்துவிடுங்கள், தம்பி.