மழைக் கதைக்கு எத்தனை மதிப்பெண்?

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். 'மழை நாள்' என்று கதை எழுதச் சொன்னேன். ஒரு கதையில் பிழையே இல்லை, உயிரும் இல்லை. இன்னொன்றில் வரிக்கு வரி பிழை, ஆனால் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. பத்துக்கு எவ்வளவு போடுவது?

பதில்: நீங்கள் அனுப்பிய இரண்டையும் படித்தேன். முதலாவது, 'மழை இயற்கை அன்னையின் அருட்கொடை' என்று தொடங்குகிறது. கைடில் வருகிற வரி. எழுதிய பிள்ளை நனையவே இல்லை. இரண்டாவது இது:

'கூரை ஒழுகுச்சு. அம்மா எல்லாப் பாத்திரத்தையும் எடுத்து வச்சா. சோத்துக் குண்டான் மட்டும் மிச்சம். அதுல சோறு இருந்துச்சு.'

வறுமை என்ற சொல்லே இல்லை, கவனித்தீர்களா? கதை முழுக்க 'மழை'யை 'மலை' என்று எழுதியிருக்கிறான், இருக்கட்டும்.

பத்தை இரண்டாகப் பிரியுங்கள். கதைக்கு ஏழு, மொழிக்கு மூன்று. ஒற்று, லகர ளகர ழகரம் எல்லாம் அந்த மூன்றுக்குள் அடங்கட்டும். பேச்சு வழக்கைப் பிழைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஏழுக்கு நான் பார்ப்பது: கண்ணால் கண்ட விவரம் உண்டா, தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவே ஏதாவது மாறியதா, அந்தப் பிள்ளை மட்டுமே எழுதக்கூடிய வரி ஒன்றாவது இருக்கிறதா.

அப்படியும் ஆளுக்கு ஆள் மாறத்தான் செய்யும். 1961-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு. மாணவர் கட்டுரைகள் 300-ஐ ஆசிரியர், எழுத்தாளர், வழக்கறிஞர் என்று 53 பேரிடம் கொடுத்து ஒன்பது தரமாகப் பிரிக்கச் சொன்னார்கள். 101 கட்டுரைகளுக்கு ஒன்று முதல் ஒன்பது வரை எல்லாத் தரமும் விழுந்தது!

எனவே எடுத்தவுடன் எண் போடாதீர்கள். உளவியலாளர் தர்ஸ்டன் 1927-லேயே சொன்ன வழி எளிது: இரண்டிரண்டாக ஒப்பிடுவது. 'இது ஆறா, ஏழா' என்று தடுமாறுகிற நாம், 'இதுவா, அதுவா' என்றால் சட்டென்று சொல்லிவிடுவோம். நாற்பது தாளையும் மேசையில் பரப்பி, ஒப்பிட்டு ஒப்பிட்டு ஐந்து அடுக்காக்குங்கள். அடுக்குக்குத்தான் மதிப்பெண். பெயரை மறைத்துக்கொள்ளுங்கள். முத்து முத்தான கையெழுத்தில் நானே பலமுறை ஏமாந்திருக்கிறேன்.

தாளைத் திருப்பித் தரும்போது வெறும் 'நன்று' வேண்டாம். அந்தக் குண்டான் வரியை அடிக்கோடிட்டு, 'இது எனக்குப் பிடித்தது' என்று எழுதுங்கள். எல்லாப் பிழையையும் சிவப்பு மையில் வட்டமிட்டால் அடுத்த கதை வராது. இந்த வாரம் ழகரம் மட்டும் போதும், அதையும் அவனே தேடித் திருத்தட்டும்.