செப்டம்பரா, நவம்பரா? ஜெர்மனி புறப்படும் நர்ஸின் பணக் கணக்கு

கேள்வி: வேலூரில் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்க்கிறேன். வயது 31. ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் வேலை உறுதியாகிவிட்டது. பிடித்தத்துக்கு முன் மாதச் சம்பளம் 3,200 யூரோ. 2026 செப்டம்பர் 1 அல்லது நவம்பர் 1, எந்தத் தேதியில் வேண்டுமானாலும் சேரலாம் என்கிறார்கள். கணவர் ராணிப்பேட்டையில் தோல் கம்பெனியில் இருக்கிறார். அவரும் 5 வயது மகளும் ஆறு மாதம் கழித்து வருவார்கள். கையிருப்பு 15 லட்சம், நகைக் கடன் 2.5 லட்சம். சத்துவாச்சாரி வீடு என் பெயரில் இருக்கிறது, வாடகை 11,000 வருகிறது. அதை விற்றுவிடலாமா? அங்கே கார் இல்லாமல் சமாளிக்க முடியுமா? ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்க யூரெயில் பாஸை இங்கேயே வாங்கச் சொல்கிறார் டிராவல்ஸ்காரர். வாங்கலாமா?

பதில்: சகோதரி, முதலில் தேதியை முடிவு செய்யுங்கள். செப்டம்பர் 1-ஐப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வேலைக்காக வெளிநாடு போகும் இந்தியக் குடிமகன் அந்த நிதியாண்டில் 182 நாளுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்தால், வருமான வரிக் கணக்கில் அந்த ஆண்டுக்கு வெளிநாட்டுவாசி. அவருடைய ஜெர்மனிச் சம்பளத்துக்கு இங்கே வரி கிடையாது. ஏப்ரல் 1-லிருந்து எண்ணினால் செப்டம்பர் 28-ம் தேதி 181-வது நாள். அதைத் தாண்டி அக்டோபர் கடைசியில் கிளம்பினால் நவம்பர் முதல் மார்ச் வரை வாங்கும் யூரோ சம்பளத்தையும் இங்கே கணக்கில் காட்ட வேண்டும். அங்கே கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள வழி உண்டு. ஆனால் அதற்குத் தனிப் படிவம், அங்குள்ள வரிச் சான்று, ஆடிட்டர் செலவு என்று வேலை நீளும். ஆகஸ்ட் 29 அன்று விமானம் ஏறினால் 151 நாள்தான் ஆகியிருக்கும். பொங்கலுக்கு இரண்டு வாரம் ஊருக்கு வந்தாலும் தொந்தரவு இல்லை. செப்டம்பர் 25-க்குத் தள்ளினால் மூன்று நாள்தான் மிச்சம். பாஸ்போர்ட்டில் விழும் முத்திரைத் தேதிதான் கணக்கு.

அடுத்தது 15 லட்சம். நகைக் கடனைக் கிளம்பும் முன் முழுசாக அடைத்து நகையை மீட்டுவிடுங்கள். பெரும்பாலான இடங்களில் மறு அடகுக்கு நகையின் பேரில் கடன் வாங்கியவரே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். நியூரம்பெர்க்கில் நைட் டியூட்டி பார்த்துக்கொண்டு ஏல நோட்டீஸுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. மீதி 12.5 லட்சத்தில் 6 லட்சம் உங்களுக்கு. யூரோவை 100 ரூபாயாக வைத்தால் 6,000 யூரோ. 3 லட்சம் கணவர், மகளின் விசா, விமான டிக்கெட்டுக்கு. 3.5 லட்சம் ஊரில் வங்கி டெபாசிட்டாக இருக்கட்டும். ஒரு நிதியாண்டில் 10 லட்சம் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப டிசிஎஸ் (பணம் அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் முன்வரி) பிடித்தம் இல்லை என்பதால் 6 லட்சத்துக்குப் பிரச்சினை வராது.

6,000 யூரோ அதிகம் என்று தோன்றும். அங்கே சம்பளம் மாதக் கடைசியில்தான் வரும். வாடகை அட்வான்ஸை அவர்கள் கவுட்சியோன் என்பார்கள். சட்டப்படி அது மூன்று மாத 'கால்ட்மீட்டே'க்கு மேல் போகக்கூடாது. கால்ட்மீட்டே என்றால் ஹீட்டிங், தண்ணீர் சேராத வெறும் வாடகை. 650 யூரோ வீட்டுக்கு 1,950 யூரோ. இதை மூன்று தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு, தயங்காமல் கேளுங்கள். பல வீடுகளில் சமையலறை மேடை, அடுப்பு, சிங்க் எதுவும் இருக்காது. சீலிங்கில் பல்பு மாட்டும் ஒயர் மட்டும் தொங்கும். காலி செய்பவரிடம் பழைய கிச்சனை விலை பேசி வாங்குவதுதான் மலிவு. மருத்துவமனை ஊழியர் விடுதியில் முதல் ஆறு மாதத்துக்கு அறை கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

கார் வேண்டாம். வீட்டை ரயில் பாதையைப் பார்த்துத் தேடுங்கள், உங்கள் சேமிப்பில் பெரும் பங்கு இதில்தான் இருக்கிறது. டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதப் பாஸ் 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கி 2025-ல் 58, 2026 ஜனவரியிலிருந்து 63 யூரோ. நாடு முழுக்க உள்ளூர் ரயில், மெட்ரோ, டிராம், பஸ் எல்லாவற்றிலும் செல்லும். ஐசிஇ, ஐசி போன்ற தொலைதூர ரயிலில் செல்லாது. ஏறி மாட்டினால் அபராதம் 60 யூரோவிலிருந்து தொடங்கும். இது சந்தா. நிறுத்த வேண்டுமானால் அந்த மாதம் 10-ம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மாதப் பணமும் போய்விடும். ஃபூர்த், எர்லாங்கன், ஷ்வாபாக் மூன்றுமே நியூரம்பெர்க்கின் எஸ்-பான் என்ற புறநகர் ரயில் பாதையில் இருக்கின்றன. அங்கே வாடகை 150 யூரோ குறைந்தால் பாஸ் போக மாதம் 87 யூரோ மிச்சம். (ஜெர்மனியின் முதல் ரயில் 1835-ல் ஓடியது இந்த நியூரம்பெர்க் - ஃபூர்த் பாதையில்தான். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து நம் வாலாஜா ரோடுக்கு ஓடியது.)

பலரும் தடுக்கி விழுவது ஒரு இடத்தில். வீடு பார்க்கப் போகும்போது வார நாளில் ரயில் நேரம் பார்ப்பார்கள். உங்களுக்கு ஞாயிறும் டியூட்டி வரும், காலை ஷிஃப்ட் ஆறு மணியை ஒட்டித் தொடங்கும். ஞாயிறு காலை பல பாதைகளில் முதல் வண்டி தாமதமாகத்தான் கிளம்பும். ஜெர்மன் ரயில்வேயின் டிபி நேவிகேட்டர் செயலியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தேதியைப் போட்டு, 'காலை 5.40-க்குள் போய்ச் சேர' என்று தேடுங்கள். மாலை ஷிஃப்ட் முடிந்து இரவில் திரும்ப கடைசி வண்டி எது என்றும் பாருங்கள். இரண்டும் ஒத்துவந்தால் மட்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள். இல்லாவிட்டால் மாதம் நாலு டாக்ஸியே அந்த 87 யூரோவைத் தின்றுவிடும்.

இறங்கும் நாளுக்கு ஒரு எச்சரிக்கை. பிராங்பர்ட்டில் இறங்கி ஐசிஇ-யில் போவதாக இருந்தால் 'ஷ்பார்ப்ரைஸ்' என்ற மலிவு டிக்கெட்டை வாங்காதீர்கள். அது குறிப்பிட்ட வண்டிக்கு மட்டும் செல்லும். ரயில் தாமதத்தால் 20 நிமிடமோ அதற்கு மேலோ பிந்திப் போய்ச் சேரும் நிலை வந்தால் வேறு வண்டியில் ஏற விடுவார்கள். சென்னை விமானம் தாமதமானதற்கு விட மாட்டார்கள். அன்று எந்த வண்டியிலும் ஏறக்கூடிய ஃப்ளெக்ஸ்ப்ரைஸ் டிக்கெட், அல்லது விமான டிக்கெட்டோடு சேர்த்து வரும் ரயில் டிக்கெட் எடுங்கள். பிற்பாடு ஊர் சுற்ற ஷ்பார்ப்ரைஸ் அருமையானது. காட்பாடியில் வெயிட்டிங் லிஸ்ட் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிது: அங்கே வெயிட்டிங் லிஸ்ட் கிடையாது, நாள் நெருங்க நெருங்க விமானம் மாதிரி விலை ஏறும். இருக்கை முன்பதிவுக்கும் தனிக் காசு.

யூரெயில் பாஸ் வேண்டாம். அது ஐரோப்பாவில் வசிக்காதவர்களுக்கு. அங்கே குடியேறியபின் உங்களுக்கு உரியது இன்டர்ரெயில். நாளைக்கு உங்கள் மாமியார் வேலூரிலிருந்து வந்தால் அவருக்கு யூரெயில் வாங்கலாம். அப்போதும் பிரான்ஸின் டிஜிவி ரயிலில் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனியாகக் கட்ட வேண்டும்.

சத்துவாச்சாரி வீட்டை விற்காதீர்கள். குடும்பம் அங்கே வேரூன்றும்வரை குறைந்தது இரண்டு வருடம் வைத்திருங்கள். ஆனால் நீங்கள் வெளிநாட்டுவாசி ஆனதும் வாடகைக்காரர் 11,000-இல் 31.2 சதவீதம், அதாவது 3,432 ரூபாய் வரி பிடித்துக் கட்ட வேண்டும். அவருக்கு இது தெரிந்திருக்காது, நீங்களே சொல்லிவிடுங்கள். வரிக் கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்ப வாங்கலாம். சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ-வாக (வெளிநாட்டுவாசியின் இந்திய வருமானத்துக்கான கணக்கு) மாற்றி வாடகையை அதில் வாங்குங்கள். அங்கிருந்து அனுப்பும் பணத்துக்கு என்ஆர்இ கணக்கு. என்ஆர்இ வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பது சரி. ஜெர்மனியில் உண்டு. வட்டி, டிவிடெண்ட் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ஒருவருக்கு 1,000 யூரோ வரை விலக்கு, அதற்கு மேல் 25 சதவீதமும் அதன்மேல் கூடுதல் வரியும். பத்து லட்சம் டெபாசிட்டுக்கு 7 சதவீத வட்டி 70,000 ரூபாய், அதாவது 700 யூரோ. அதுவரை கவலையில்லை. பிபிஎஃப் இருந்தால் முதிர்வுவரை தொடரலாம், நீட்டிக்க முடியாது.

வீடு புகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்று இல்லாமல் பதிய மாட்டார்கள். வரி எண், காப்பீட்டு அட்டை எல்லாம் தபாலில்தான் வரும். தபால் பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்காவிட்டால் கடிதம் திரும்பிப் போகும். நமக்கு இனிஷியல் வேறு. பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல அப்பா பெயரையும் விரித்து, வேலை ஒப்பந்தத்தில் உள்ள அதே எழுத்துகளில் ஒட்டுங்கள். வரி எண் வராமல் இழுத்தால் அதிக வரி பிடிக்கும் ஆறாம் வரி வகுப்பில் சம்பளம் வெட்டப்பட நேரலாம். பின்னால் திரும்ப வரும், ஆனால் பணம் மிக அவசியமான மாதம் அது.

தனியாக இருக்கும்வரை முதல் வரி வகுப்பு, கைக்கு வருவது ஏறத்தாழ 2,150 யூரோ. கணவர் வந்து பதிந்ததும் அவருக்கு வேலை கிடைக்கும்வரை ஒருவருக்கு 3, மற்றவருக்கு 5 என்ற வரி வகுப்பு ஜோடி கேட்டு மனு கொடுங்கள், உங்கள் பங்கு 3. மாதம் 250 யூரோவுக்கு மேல் கூடும். மகளுக்குக் குழந்தை உதவித்தொகை மாதம் 259 யூரோ. பின்தேதியிட்டு ஆறு மாதத்துக்குத்தான் தருவார்கள், அவள் வந்த வாரமே விண்ணப்பத்தைப் போடுங்கள். ரயிலில் 6 வயதுவரை அவளுக்கு டிக்கெட் வேண்டாம். அதற்குப் பிறகு உள்ளூர் வண்டிகளில் உங்கள் டாய்ச்லாண்ட் டிக்கெட்டில் அவளை ஏற்ற முடியாது, தனியாக எடுக்க வேண்டும்.