பம்பைத் தொடாத ஊரில் கரண்ட் கார்: நியூ ஜெர்சி கேள்வி பதில்

பத்தொன்பது வருடமாக நியூ ஜெர்சியில் கார் ஓட்டுகிறேன். முதல் பதினைந்து வருடம் பெட்ரோல் கார், கடைசி நான்கு வருடம் மின்சாரக் கார். புதிதாகக் குடிவரும் நம்மவர்கள் இரண்டைப் பற்றியும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இந்த முறை வந்த கேள்விகளை மொத்தமாக எடுத்துக்கொண்டேன். இங்கே பெட்ரோலை ‘கேஸ்’ என்றுதான் சொல்கிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, டெக்சாஸிலிருந்து போன வாரம்தான் எடிசன் வந்தோம். பங்கில் இறங்கி நாசிலைக் கையில் எடுத்ததும் ஒருவர் ஓடிவந்து வாங்கிக்கொண்டார். நான் ஏதாவது தப்பு செய்தேனா?

தெரியாமல்தானே செய்தீர்கள் தம்பி, கவலைப்படாதீர்கள். அவர் பதறியதற்குக் காரணம் உண்டு. 1949ல் போட்ட சட்டப்படி இங்கே வண்டிக்காரர் தானே கேஸ் பிடிக்கக் கூடாது. மீறினால் அபராதம் பங்குக்குத்தான்: முதல் தடவை 50 முதல் 250 டாலர் வரை, மறுபடி நடந்தால் 500 வரை போகும். மாநிலம் முழுக்க இப்படித் தடை இருக்கும் இடம் அமெரிக்காவில் இப்போது நியூ ஜெர்சி ஒன்றுதான். சட்டம் கேஸுக்கு மட்டும். டீசல் வண்டி என்றால் நீங்களே பிடிக்கலாம்.

இன்ஜினை அணையுங்கள், கண்ணாடியை இறக்குங்கள், ரெகுலரா பிரீமியமா, எவ்வளவுக்கு, கேஷா கார்டா என்று சொல்லுங்கள். அவ்வளவுதான். பல பங்குகளில் கேஷ் விலை ஒன்று, கார்டு விலை ஒன்று. போர்டில் பெரிதாக எழுதியிருப்பது பெரும்பாலும் கேஷ் விலை. ஊரில் மாதிரி ‘ஜீரோ பாத்துக்குங்க’ என்று யாரும் சொல்லமாட்டார்கள், மீட்டரை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: இப்படி ஒரு சட்டம் எதற்கு வந்தது? பாதுகாப்புக்கா?

சட்டத்தில் எழுதியிருப்பது பாதுகாப்பு என்றுதான். தீப்பிடிக்கும், புகையை முகர்வது உடம்புக்கு ஆகாது, ஆள் இருந்தால் கவனமாகப் பிடிப்பார் என்று காரணங்கள் வரிசையாக இருக்கின்றன. ஆனால் பின்னால் இருந்தது விலைப்போட்டி. 1949ல் ஹாக்கன்சாக் ஊரில் இர்விங் ரெயின்கோல்ட் என்பவர் 24 பம்புகளோடு ஒரு பங்க் திறந்தார். ஆட்கள் தாங்களே பிடித்துக்கொள்ளலாம், விலையும் குறைவு. மற்றவர்கள் கேலன் 21.9 சென்ட்டுக்கு விற்க, இவர் 18.9 சென்ட்டுக்குக் கொடுத்தார். வரிசை கட்டி வந்தது கூட்டம். போட்டிக்காரர்கள் அவருடைய பங்கைத் துப்பாக்கியால் சுட்டார்கள் என்றும், அவர் குண்டு துளைக்காத கண்ணாடி மாட்டிக்கொண்டு வியாபாரம் செய்தார் என்றும் சொல்வார்கள். அதற்கும் அசராதவரைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். அவர் வழக்குப் போட்டார், 1951ல் மாநில உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது.

மலிவாகக் கொடுத்த ஒருவரை அடக்கப் பிறந்த சட்டம் இது. எழுபது வருடம் கழித்து அதே சட்டத்தை ஊரே தன்னுடைய உரிமை என்று காக்கிறது. ஒரு வழக்கம் ஜனங்களுக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கும் என்பதை நான் இதில்தான் பார்த்தேன்.

கேள்வி: உண்மையிலேயே மக்களுக்கு இது பிடித்திருக்கிறதா, இல்லை அரசியல்வாதிகள் சொல்வதா?

பிடித்திருக்கிறது. 2022 மார்ச்சில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஈகிள்டன் மையம் ஒரு கருத்துக்கணிப்பை வெளியிட்டது. ஆள் வந்து பிடிப்பதே வேண்டும் என்றவர்கள் 73 சதவீதம். தானே பிடிக்க விரும்பியவர்கள் 22 சதவீதம். ஆள் பிடிப்பதே வேண்டும் என்றவர்கள் பெண்களில் நூற்றுக்கு 87 பேர், ஆண்களில் 55 பேர். ‘ஜெர்சிப் பெண்கள் கேஸ் பிடிப்பதில்லை’ என்று காரின் பின்னால் ஸ்டிக்கர் ஒட்டுவதே இங்கே பெருமை.

அந்த வருடம்தான் சட்டமன்றத்தில் ஒரு மசோதா வந்தது. முழுவதும் மாற்றச் சொல்லவில்லை. நான்கு பம்புக்கு மேல் உள்ள பங்க், காலை எட்டு முதல் இரவு எட்டு வரை ஆள் வைத்துப் பிடிக்கும் வசதியையும் வைத்திருக்க வேண்டும், மற்றபடி விருப்பம் உள்ளவர் இறங்கிப் பிடிக்கட்டும் என்றுதான் கேட்டது. வேலைக்கு ஆள் கிடைக்காமல் பாதி பம்பை மூடி வைத்திருந்த முதலாளிகள் ஆதரித்தார்கள். அது நகரவில்லை.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு இந்தச் சேவை வேண்டும், ஆனால் அவசரத்தில் இருப்பவரைத் தடுக்கும் சட்டம் வேண்டாம். ஜனவரி மாத இரவு ஒன்பது மணிக்கு ரூட் 27ல் ஒரு பங்கில் நின்றேன். பின் சீட்டில் மூன்று வயது மகன் காய்ச்சலில் தூங்குகிறான். வெளியே முகத்தை அறுக்கிற காற்று. கார்டை வாங்கியவரின் கையுறையில் இரண்டு விரல் நுனியை வெட்டி விட்டிருந்தார், கார்டும் பட்டனும் கைக்கு அகப்பட வேண்டுமே என்று. அந்த விரல்கள் சிவந்து வெடித்திருந்தன. அன்றைக்கு நான் இறங்க வேண்டியிருக்கவில்லை, அதற்காக அவரை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். அவருக்கு ஒரு ஹீட்டர் பெட்டி கூட அங்கே இல்லை என்பதும் நினைவில் இருக்கிறது.

கேள்வி: ஆள் சம்பளம் நம் தலையில்தானே விழும்? விலை அதிகமா?

ஒரு காலத்தில் சுற்றியுள்ள மாநிலங்களைவிட இங்கே மலிவு. காரணம் வரி. 2016 நவம்பரில் மாநில வரி கேலனுக்கு 14.5 சென்ட்டிலிருந்து 37.5 ஆக ஏறியது. அதற்கப்புறம் அந்தப் பெரிய சலுகை போய்விட்டது. ஆள் சம்பளம் விலையில் இருக்கத்தான் செய்யும், ஆனால் வரி ஏறி இறங்குவதற்குப் பக்கத்தில் வைத்தால் அது சின்னது.

கேள்வி: என் தம்பி ஆரிகனில் ஹில்ஸ்பரோவில் இருக்கிறான். அங்கேயும் இதே சட்டம் இருந்ததாமே?

ஆமாம், 1951லிருந்து. அங்கே படிப்படியாக விட்டுக்கொடுத்தார்கள். முதலில் ஆள் குறைந்த கிராமத்து கவுண்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) இரவு நேரத்துக்கு மட்டும், 2018லிருந்து அங்கே பகலிலும். கடைசியில் 2023 ஆகஸ்டில் கவர்னர் டினா கோட்டெக் கையெழுத்துப் போட்டதும் மாநிலம் முழுக்கத் திறந்துவிட்டது. ஜன நெருக்கம் உள்ள கவுண்டிகளில் பாதிப் பம்புகளுக்கு ஆள் இருந்தே ஆக வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே விலை. பிடித்தவர் பிடிக்கலாம், உட்கார்ந்திருப்பவர் உட்கார்ந்திருக்கலாம். எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது.

கேள்வி: கல்யாணமாகி நேராக இங்கே வந்து, இங்கேதான் கார் ஓட்டக் கற்றேன். அடுத்த வாரம் தனியாகப் பென்சில்வேனியா போக வேண்டும். கேஸ் பிடிக்கத் தெரியாது என்று யாரிடமும் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

கூச்சமே வேண்டாம் அம்மா. இங்கே பிறந்து வளர்ந்த எத்தனையோ பேருக்குத் தெரியாது.

கிளம்புவதற்கு முன் வீட்டு வாசலிலேயே கேஸ் மூடி எந்தப் பக்கம், எப்படித் திறக்கிறது என்று ஒரு தடவை திறந்து பாருங்கள். டாஷ்போர்டில் பம்ப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அம்பு இருக்கும், அது மூடி இருக்கும் பக்கத்தைக் காட்டும். பங்கில் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குங்கள். கார்டு போட்டதும் ஜிப் கோடு (நம் பின்கோடு மாதிரி) கேட்கும். இந்திய கார்டு என்றால் அங்கேயே நின்றுவிடும், உள்ளே போய் முன்பணம் கட்டிவிட்டு வாருங்கள். நாசிலின் நிறத்தை நம்பாதீர்கள். பல இடங்களில் பச்சை என்றால் டீசல், சில கம்பெனிகளில் பச்சைதான் கேஸ். எழுத்தைப் படித்து 87 (ரெகுலர் கேஸ்) என்ற பட்டனை அழுத்துங்கள். நாசிலை முழுக்க உள்ளே செருகி விசையை அழுத்திப் பிடியுங்கள். நிரம்பியதும் ‘டக்’ என்று தானே நிற்கும், அதற்குமேல் ஒரு சொட்டும் ஊற்ற வேண்டாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகக் கேளுங்கள். குளிர்கிறது என்று நடுவில் காருக்குள் போய் உட்காராதீர்கள். சீட்டில் உரசும்போது உடம்பில் மின்னேற்றம் சேரும், திரும்ப வந்து நாசிலைத் தொடும்போது பொறி பறக்கும். குளிர்காலத்தின் வறண்ட காற்றில் இப்படித் தீப்பிடித்திருக்கிறது. உட்கார்ந்தே ஆக வேண்டும் என்றால், வெளியே வந்ததும் முதலில் கார்க் கதவின் இரும்பைத் தொட்டுவிட்டு அப்புறம் நாசில் பக்கம் போங்கள்.

கேள்வி: கேஸ் பிடிக்க ஆள் உண்டு, சரி. கரண்ட் காருக்கு யார் பிளக் செருகுவார்கள்?

நாம்தான். அந்த 1949 சட்டம் மின்சாரத்தைத் தொடாது. பம்பைத் தொட்டே அறியாத ஒருவர் இ.வி. (மின்சாரக் கார்) வாங்கிய முதல் நாளே தானே செருகிக்கொள்கிறார், அதைப் பற்றி யாரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை. வீட்டு கராஜில் போன் சார்ஜ் போடுவது மாதிரி ஐந்து நொடியில் முடிகிற வேலை, வாசனை கிடையாது, நிற்க வேண்டியதில்லை. வெளியே வேகச் சார்ஜரில்தான் சிரமம் தெரியும்.

கேள்வி: அப்படியானால் ஏன் நிறையப் பேர் இ.வி. வேண்டாம் என்கிறார்கள்?

கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் அமெரிக்கர்களிடம் கேட்டதில், இ.வி. வாங்கவே மாட்டேன் என்றவர்கள் 2023ல் 41 சதவீதம், 2024ல் 48. வைத்திருப்பவர்கள் அதே நேரத்தில் 4லிருந்து 7 ஆனார்கள். ஓட்டுபவர்களும் கூடுகிறார்கள், வேண்டாம் என்பவர்களும் கூடுகிறார்கள். இதில் கட்சி அரசியல் நிறையக் கலந்திருக்கிறது, அதை மறுக்க முடியாது. ஆனால் நம் ஆட்களிடம் பேசிப் பார்க்கும்போது எனக்குத் தெரிவது வேறு: கராஜ் உள்ளவர் புகழ்கிறார், அபார்ட்மென்ட்டில் இருப்பவர் திட்டுகிறார். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். ராத்திரி வீட்டில் சார்ஜ் ஏறினால் இதைப்போலச் சுகம் இல்லை. சனிக்கிழமை காலை கடைவாசல் சார்ஜரில் மூன்றாவது ஆளாகக் காத்திருந்தால் அந்த வெறுப்பு நியாயமானது.

டவுன்ஹவுஸ், காண்டோக்காரர்களுக்கு ஒன்று. உங்களுக்கென்று ஒதுக்கிய பார்க்கிங் இடத்தில் உங்கள் செலவில் சார்ஜர் வைப்பதை அசோசியேஷன் அடியோடு மறுக்க முடியாது, 2020ல் அதற்குச் சட்டம் வந்துவிட்டது. நிபந்தனை போடலாம், லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் வேண்டும் என்று கேட்கலாம். வாடகை அபார்ட்மென்ட்டுக்கு இது உதவாது. அங்கே இருப்பவர்களிடம் நான் சொல்வது: ஆபீஸில் சார்ஜர் இல்லாவிட்டால் இப்போதைக்கு ஹைபிரிட் (கேஸ் இன்ஜினும் பேட்டரியும் சேர்ந்த கார்) வாங்குங்கள்.

கேள்வி: செலவு உண்மையில் மிச்சமா? 250 டாலர் கட்டணம் என்று பயமுறுத்துகிறார்கள்.

மாதம் 1,000 மைல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு யூனிட் மின்சாரத்தில் கார் 3.5 மைல் போனால் சுமார் 285 யூனிட். வீட்டில் யூனிட் 20 சென்ட் என்றால் 57 டாலர். வெளியே வேகச் சார்ஜரில் 50 சென்ட் என்றால் 143 டாலர். கேலனுக்கு 30 மைல் தரும் கேஸ் கார், கேலன் 3 டாலர் என்றால் 100. கராஜ் இருந்தால் லாபம், இல்லாவிட்டால் நஷ்டம் என்று நான் சொல்வது இந்தக் கணக்கில்தான்.

இ.வி.க்காரர் மாநிலத்துக்கு வருடா வருடம் கட்ட வேண்டிய அந்தப் பதிவுக் கட்டணம் 2024 ஜூலையில் 250ல் ஆரம்பித்தது, வருடம் பத்துப் பத்தாக ஏறி 2028ல் 290 ஆகும். புதுக் கார் என்றால் நான்கு வருடத்துக்கும் முதலிலேயே வாங்கிவிடுகிறார்கள், ஆயிரம் டாலருக்கு மேல் போகிறது. ரோட்டுக்கு எல்லோரும் காசு கொடுக்க வேண்டும், சரி. ஆனால் வருடம் 12,000 மைல் ஓடும் அதே கேஸ் கார் 400 கேலன் குடிக்கும். 2025ன் வரியான 45 சென்ட் கணக்கில் 180 டாலர்தான் கட்டுகிறது. இ.வி.க்காரர் அதைவிட அதிகம் கொடுக்கிறார், இது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை. நான் வாங்கியபோது விற்பனை வரியே கிடையாது. 2025 ஜூலையிலிருந்து அதுவும் முழு 6.625 சதவீதம். மத்திய அரசின் 7,500 டாலர் சலுகையும் 2025 செப்டம்பரோடு முடிந்தது. பழைய கணக்கை நம்பி யாரும் ஷோரூம் போகாதீர்கள்.

கேள்வி: குளிரில் பாதி வழியில் நின்றுவிடுமா?

நிற்காது, தூரம் குறையும். 2019ல் ஏஏஏ என்ற கார் ஓட்டுநர்கள் அமைப்பு ஐந்து கார்களைச் சோதித்தது. 20 டிகிரி பாரன்ஹீட்டில் ஹீட்டரும் போட்டால் சராசரியாக 41 சதவீதம் குறைந்தது. ஹீட் பம்ப் (குறைந்த மின்சாரத்தில் சூடேற்றும் கருவி) உள்ள கார்கள் இப்போது இதைவிடப் பரவாயில்லை. கிளம்பும் முன் பிளக்கில் இருக்கும்போதே காரைச் சூடேற்றிவிடுங்கள். உறைமழை பெய்த காலையில் சார்ஜ் மூடி ஐஸில் ஒட்டிக்கொள்ளும். கத்தியால் நெம்பாதீர்கள், உள்ளங்கையால் ஓரத்தில் தட்டினால் விட்டுவிடும்.

கேள்வி: எனக்கு எழுபத்திரண்டு வயது, விரல் மூட்டெல்லாம் வாதம். மகன் கரண்ட் வண்டி வாங்கித் தருகிறேன் என்கிறான். பங்கில் பையன் வந்து பிடித்துக் கொடுக்கிறான், இதில் எனக்கு யார் அம்மா உதவி?

ஐயா, இந்தக் கேள்வியைத்தான் கார் விற்பவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். மற்ற மாநிலங்களில் தானே பிடிக்கும் பங்கில்கூட, மாற்றுத்திறனாளி கேட்டால் ஊழியர் வந்து பிடித்துத் தர வேண்டும் என்று மத்தியச் சட்டம் இருக்கிறது, ஒரே ஒரு ஊழியர் இருக்கும் நேரம் தவிர. சார்ஜர் நிற்கும் இடத்தில் பெரும்பாலும் ஒரு ஊழியர்கூட இருப்பதில்லை.

வீட்டுச் சார்ஜரின் கேபிள் லேசானது, அதை நீங்கள் செருகிவிடலாம். இடுப்பு உயரத்தில் மாட்டச் சொல்லுங்கள், குனியவும் வேண்டாம் தூக்கவும் வேண்டாம். வேகச் சார்ஜரின் கேபிள் கனமானது, குளிரில் தாம்புக்கயிறு மாதிரி விறைத்துக்கொள்ளும். அதனால் வாங்கும் முன் மகனோடு ஒரு வேகச் சார்ஜருக்குப் போய், உங்கள் கையாலேயே எடுத்துச் செருகி, பட்டனை அழுத்திக் கழற்றிப் பாருங்கள். முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால், வீட்டில் ஏற்றி அன்றே திரும்பும் தூரத்துக்கு மட்டும் அந்த வண்டி, நெடுந்தூரத்துக்கு மகன் ஓட்டட்டும்.

போன பிப்ரவரியில் டர்ன்பைக் என்ற சுங்க நெடுஞ்சாலையின் சார்ஜரில் உங்கள் வயது அம்மா ஒருவர் இரண்டு கையாலும் கேபிளைத் தூக்கி, காரின் சார்ஜ் துளைக்கு நேராகக் கொண்டுவர முடியாமல் நின்றார். நான் போய்ச் செருகினேன். “முன்னால் பங்கில் ஒரு பையன் இருப்பான்” என்றார். அவர் காரில் சார்ஜ் ஏறும்வரை அங்கேயே இருந்து, கழற்றியும் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.