கைட்டோசன் கேள்விகள்: இந்த தடவை வந்ததுல சில (கைட்டோசன்னா இறால், நண்டு ஓட்டுலேர்ந்து எடுக்கற பாலிமர், டிஎன்ஏவை செல்லுக்குள்ள கொண்டுபோக இங்க பயன்படுத்தறோம்)

கைட்டோசன் தண்ணில கரையவே மாட்டேங்குது சார்.

கரையாதுதான். ஒரு சதவீத அசிட்டிக் ஆசிட்ல போட்டு, ராத்திரி பூரா ஸ்டிர்ரர்ல விட்டுட்டு வீட்டுக்குப் போங்க.

யூரோகானிக் ஆசிட் ஒட்டின கைட்டோசன், என்/பி (கைட்டோசனோட அமீனுக்கும் டிஎன்ஏவோட பாஸ்பேட்டுக்கும் உள்ள விகிதம்) 5. ஆனா ஜெல்லுல டிஎன்ஏ கைட்டோசன்ல ஒட்டி நிக்காம ஓடிடுது, ஏன்?

டீஅசிட்டைலேஷன் (அசிட்டைல் போய் அமீனா நிக்கற பங்கு) எத்தனை, யூரோகானிக் எத்தனை சதவீதம் ஒட்டுச்சு, ஒண்ணும் எழுதல, நான் என்ன ஜோசியமா பாக்குறேன்? கணக்கு இவ்ளோதான்: ஒரு மைக்ரோகிராம் டிஎன்ஏல 3 நானோமோல் பாஸ்பேட், என்/பி 5க்கு 15 நானோமோல் அமீன் வேணும், 80 சதவீத கைட்டோசன்னா அது மூணு மைக்ரோகிராம் சொச்சம். நீங்க யூரோகானிக் ஆசிட்டோட இமிடசோல் ஒட்டின ஒவ்வொரு அமீனும் அமைடா மாறிடும், அதைக் கழிக்கணும், கழிச்சீங்களா? பவுடர் குடிச்சு வச்சிருக்கிற ஈரத்தையும் கழிக்கணும். பாட்டில்ல "75–85"னு இருக்கும், அதை நம்பி 80னு போட்டுடறாங்க. நாங்களும் அப்படித்தான் ஏமாந்தோம், பழைய பாட்டில் தீர்ந்து அதே நம்பர்ல புதுசு வாங்கினோம், டிரான்ஸ்ஃபெக்‌ஷன் (செல்லுக்குள்ள டிஎன்ஏ போய் வேலை செய்யறது) பாதியா விழுந்துச்சு, மூணு மாசம் செல்லைத் திட்டிட்டே இருந்துட்டு கடைசில என்எம்ஆர் (டீஅசிட்டைலேஷனை அளக்கற சோதனை) எடுத்தா பழசு 85, புதுசு 76. லாட்டுக்கு லாட் என்எம்ஆர் எடுங்க, எடுங்க, எடுங்க. இன்னொண்ணு, ஜெல் ஓட்டற டிஏஇ பஃபர் பிஹெச் 8க்கு மேல, கைட்டோசனோட பிகேஏ (பாதி அமீன் சார்ஜை இழக்கற பிஹெச்) ஆறரைதான், அங்க டிஎன்ஏவைப் பிடிக்கற சார்ஜே மிஞ்சாது, பஃபரை மாத்தி ஓட்டிப் பாருங்க.

பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால்) ஒட்டலாமா?

ஒட்டலாம். சீரத்துல (ரத்தத்தோட திரவப் பகுதி) கட்டி தட்டாது, ஆனா செல்லுக்குள்ள நுழையறதும் குறையும்.

லிவருக்கு எது ஒட்டணும்?

கேலக்டோஸ், லிவர் செல்லுல அதைப் பிடிக்கற ரிசெப்டர் இருக்கு. ஹெப்ஜி2ல (லிவர் செல் லைன்) மட்டும் காட்டினா பத்தாது, அந்த ரிசெப்டர் இல்லாத ஹீலால (கர்ப்பப்பை வாய் செல் லைன்) வரலன்னும் காட்டுங்க. மீடியத்துல சும்மா கேலக்டோஸ் கலந்தா எஃபெக்ட் குறையணும், குறையலன்னா ரிசெப்டர் கதையை எழுதாதீங்க.

இதெல்லாம் மனுஷனுக்கு வருமா, இல்ல பேப்பரோட போயிடுமா?

1999லயே எலிக்கு வாய் வழியா கைட்டோசன்-டிஎன்ஏ கொடுத்து வேர்க்கடலை அலர்ஜியை அடக்கிக் காட்டினாங்க, அப்பவும் இதையேதான் கேட்டாங்க. இப்ப கனடாவோட என்ஜீன் கம்பெனி மாத்தியமைச்ச கைட்டோசனை சிறுநீர்ப்பை கேன்சருக்கு ட்ரையல் வரைக்கும் கொண்டுபோயிருக்கு. கவனிங்க, ஊசியா ரத்தத்துல ஏத்தல, கதீட்டர் வழியா நேரா பைக்குள்ள விடறாங்க, சீரம் தொல்லையே கிடையாது.